விசா மேடம் கேட்ட முதல் கேள்வி

அவருடைய அறையில் மின்விசிறி உண்டு. ஓடி நான் பார்த்ததில்லை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சலவைக் கடைக்கு மேலே, ஒரே ஒரு ஆள் ஏறக்கூடிய படிக்கட்டு முடிகிற இடத்தில் இருந்தது அந்த அறை. கீழேயிருந்து இஸ்திரிப் பெட்டியின் அனல், மேலேயிருந்து மொட்டை மாடியின் அனல். மே மாதத்தில்கூட விசிறியைப் போட மாட்டார். யாராவது ஸ்விட்சைத் தேடினால், "பேப்பர் பறக்கும்" என்பார். அவ்வளவுதான். சுவரோரம் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் உட்கார்ந்து எல்லோரும் வியர்த்துக்கொண்டிருப்போம். அவர் மட்டும் வியர்க்காமல், வெள்ளைப் பருத்திப் புடவையில், முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்து ஃபாரம் படித்துக்கொண்டிருப்பார்.

தாம்பரம் கோர்ட்டில் வழக்காடுகிற வக்கீல் அவர். காலையில் சொத்துத் தகராறு, ஜீவனாம்சம் என்று வழக்கமான கேஸ்கள். மூன்று மணிக்கு மேல் வேறு கூட்டம். மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள், எங்களைக் கூப்பிடுகிறாள் என்று வருகிற பெற்றோர். வெளிநாட்டில் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்துவிட்டவர்கள். புருஷன் குவைத்திலிருந்து கூப்பிடவே மாட்டேன் என்கிறான் என்று அழுகிற மனைவிகள். குடும்பத்தில் ஒருவருக்கு ஒரு நாட்டுப் பேப்பர், இன்னொருவருக்கு வேறு நாட்டுப் பேப்பர் என்றால் அந்தக் குடும்பம் கடைசியில் அந்தப் படிக்கட்டில்தான் ஏறும். அதனால் அந்தத் தெருவில் அவருக்கு விசா மேடம் என்றே பெயர். பல பேருக்கு அவருடைய நிஜப் பெயர் தெரியாது. எனக்குத் தெரியும். சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

வருகிறவர்கள் உட்கார்ந்ததும் தங்கள் கதையைத் தொடங்குவார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்துவார்.

"அதெல்லாம் அப்புறம். எதைச் சொல்ல வேண்டாம்னு வீட்ல பேசி வெச்சுக்கிட்டு வந்திருக்கீங்க? முதல்ல அதைச் சொல்லுங்க."

எல்லோரிடமும் இதே கேள்விதான். மாலையில் நான்கு குடும்பம் வந்தால் நான்கு முறை கேட்பார். கேட்டுவிட்டு, பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, ஸ்கேல் வைத்து நீளமாக ஒரு கோடு இழுப்பார். அந்தக் கோட்டில் வந்தவரின் தேதிகளை எல்லாம் குறித்துக்கொண்டே போவார். பிறந்தது, படித்தது, விமானம் ஏறியது, இறங்கியது, விசா தொடங்கியது, முடிந்தது. ஒரு தேதிக்கும் அடுத்ததற்கும் நடுவில் காரணமில்லாமல் இடம் கிடந்தால் பென்சிலை அங்கே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பார். பேச மாட்டார். ஐந்து நிமிஷம் ஆனாலும் பார்த்துக்கொண்டே இருப்பார். யாராவது ஒருவர் தாங்க முடியாமல் பேச ஆரம்பித்துவிடுவார்.

சேலையூர்க்காரர் ஒருவர் அப்படி மாட்டிக்கொண்டதை நான் நேரில் பார்த்தேன். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர். கனடாவில் மகள். பேரன் பிறக்கப்போகிறான், போக வேண்டும். கோட்டில் கல்லூரிப் படிப்புக்கு நடுவே ஒரு வருஷம் காலியாகக் கிடந்தது. மேடம் பென்சிலை அங்கே வைத்தார். அவருடைய மனைவி ஜன்னலைப் பார்த்தார்.

"சும்மா வீட்ல இருந்தேன் மேடம்" என்றார் அவர்.

"சும்மா இருந்தா எங்கப்பா எல்லாம் ஒரு மாசத்துல அடிச்சு அனுப்பியிருப்பாரு. உங்கப்பா ஒரு வருஷம் விட்டாரா?"

கடைசியில் சொன்னார். பத்தொன்பது வயதில் காசநோய். தாம்பரம் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருந்தார். நாற்பது வருஷமாக யாருக்கும் சொன்னதில்லை. மகளுக்கே தெரியாது.

"மருத்துவக் கேள்வியில அதை எழுதுங்க."

"எழுதினா விடமாட்டாங்க மேடம்."

"நுரையீரல்ல எழுதியிருக்கே சார். எக்ஸ்ரே எடுப்பாங்க இல்ல? அது சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லிடுங்க."

அவர் கோபித்துக்கொண்டு இறங்கிப் போனார். மறுநாள் திரும்பி வந்து எழுதினார். எக்ஸ்ரேயில் தழும்பு தெரிந்தது. கூடுதலாகச் சளிப் பரிசோதனை கேட்டார்கள், இரண்டு மாதம் தாமதமானது, விசா வந்தது. பேரன் பிறப்பதற்கு முந்தின வாரம் போய் இறங்கினாராம். அங்கிருந்து குழந்தையின் போட்டோவை மேடத்துக்கு அனுப்பியிருந்தார். அதைப் பார்த்து மேடம் சொன்னது ஒன்றுதான்: "மூக்கு தாத்தா மூக்கு."

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. சலவைக் கடைக்காரர் எனக்கு ஒரு விஷயம் சொன்னார். மேடத்தின் கூடப்பிறந்த அக்கா செம்பாக்கத்தில் இருக்கிறார். அந்த அக்காவின் பையன் மனைவியையும் கூட்டிக்கொண்டு லண்டன் போவதற்காக, வேலை பார்க்காத கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்ததாக ஒரு சான்றிதழ் வாங்கியிருந்தான். சித்திதானே என்று அதைக் கொண்டுவந்து ஃபாரம் நிரப்பித் தரச் சொன்னான். மேடம் சான்றிதழைப் படித்துப் பார்த்துவிட்டு மடித்து அவன் சட்டைப் பையில் திருப்பி வைத்தார். "இதை வெச்சு எழுத மாட்டேன். நீயும் வேற எங்கேயும் எழுதாதே" என்றார். அவன் வேறு இடத்தில் எழுதினான். மாட்டிக்கொண்டான். பத்து வருஷத்துக்கு அந்த நாட்டுப் பக்கம் விண்ணப்பிக்க முடியாது என்று வந்துவிட்டது.

"சித்தி நெனச்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு அவங்கக்கா பேச்சை வுட்டாங்க சார். வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு மேடம் கேக்கு அனுப்புவாங்க. நான்தான் எடுத்துகினு போவேன். வாங்க மாட்டாங்க. திருப்பி எடுத்துகினு வருவேன்."

"அந்தக் கேக்கை என்ன பண்ணுவாங்க?"

"இன்னா பண்ணுவாங்க, எனக்குக் குடுப்பாங்க" என்றார் சலவைக் கடைக்காரர். அவருக்கும் அதில் சந்தோஷம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

நான் அந்தப் படிக்கட்டில் முதலில் ஏறியது என் மனைவி தர்ஷினியோடு. அவளுக்கு அப்போது ஏழு மாதம் முடிந்திருந்தது. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாள்.

தர்ஷினிக்கு இலங்கையில் பருத்தித்துறை. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் படிக்க வந்தவள். நான் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில், இரும்பு உதிரி பாகங்கள் செய்கிற கம்பெனியில் அளவு சரிபார்க்கிற வேலையில் இருக்கிறேன். எப்படிப் பழகினோம் என்பது தனிக்கதை. படிப்பு முடிகிற வருஷம் முறையாகப் பதிவு செய்து, குன்றத்தூர் மலைக்கோயிலில் மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டோம். இனி அவளுடைய படிப்பு விசாவை, இந்தியரின் மனைவி என்கிற விசாவாக மாற்ற வேண்டும். அதற்கு இணையத்தில் விண்ணப்பித்தேன். அதற்கு மேல் நடந்தவற்றை நான் யாருக்கும் சொல்லவில்லை. தர்ஷினிக்கும்தான்.

எங்களை மேடத்திடம் அனுப்பியது ஸ்கேன் சென்டரில் அவளுக்குப் பழக்கமான ஒரு பெண். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் நாடு என்ன எழுதுவார்கள், ஏதாவது சிக்கல் வருமா என்று கேட்டுவரத்தான் தர்ஷினி கிளம்பினாள். நான் வேண்டாம் என்று எவ்வளவோ தடுத்துப் பார்த்தேன்.

மேடம் எங்களிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டார். தர்ஷினி சிரித்தாள்.

"எங்களிட்ட ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை மேடம்."

மேடம் கோடு இழுத்தார். தர்ஷினி தேதிகளைச் சொல்லச் சொல்லக் குறித்தார். படிப்பு விசா முடிகிற தேதி வந்தது. அதற்குப் பிறகு இன்றைய தேதி வரை கோடு வெறுமையாக இருந்தது.

"இங்க என்ன?"

"விண்ணப்பம் போட்டிருக்கு. இன்னும் வரேல்லை" என்றாள் தர்ஷினி.

மேடம் அவளைப் பார்க்கவில்லை. பென்சில் முனையை அந்த வெற்றிடத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கீழே சலவைக் கடையில் யாரோ தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. என் முதுகில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

"விண்ணப்பத்தை மூடிட்டாங்க மேடம்" என்றேன்.

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும், இவர் என் வீட்டில்தான் குடியிருக்கிறார் என்று அவர் எழுதித் தர வேண்டும் என்று வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. மூன்று முறை வந்தது. என்னால் அந்தக் கடிதத்தைக் கேட்க முடியவில்லை. ஏனென்றால் சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக்காரரிடம் என் மனைவிக்கு ராமநாதபுரம் பக்கம் என்று சொல்லித்தான் குடிபோயிருந்தேன். அதற்கு முன் மூன்று வீடுகளில் உண்மையைச் சொன்னதற்கு, "வெளிநாடுன்னா போலீசுக்கெல்லாம் எழுதிக் கொடுக்கணும், வேணாம்பா" என்று கதவைச் சாத்தியிருந்தார்கள். நான்காவது வீட்டில் ராமநாதபுரம் என்றேன். அது தர்ஷினிக்கும் தெரியும். ஒன்றரை வருஷமாக வீட்டுக்கார ஆன்ட்டியிடம் 'ஓம்' என்று வாய்வரை வந்ததை விழுங்கி 'ஆமாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். ஆனால் அந்த ஒரு பொய்யால் விண்ணப்பம் மூடப்பட்டதும், விசா முடிந்து நூற்று நாற்பத்தாறு நாள் ஆனதும் அவளுக்குத் தெரியாது. கேட்கும்போதெல்லாம் வந்துடும், வந்துடும் என்று சொல்லியிருந்தேன். நடுவில் ஒரு ஏஜெண்டிடம்கூடப் போனேன். "பேஜாரே வேணாம் சார், நம்மூர்ல பொறந்ததா ஒரு சர்டிபிகேட் போட்டுக்கினா அவங்க இந்தியாக்காரங்க" என்றான் அவன். பயந்து ஓடி வந்துவிட்டேன். அதையும் சொன்னேன்.

தர்ஷினி என் பக்கம் திரும்பவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டாள். குரல் எழும்பவில்லை.

மேடம் எங்கள் சண்டைக்கு இடம் கொடுக்கவில்லை. தர்ஷினிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி முன்னால் வைத்துவிட்டு, "டெலிவரி தேதி என்ன?" என்று கேட்டுக் கோட்டில் அதையும் குறித்தார்.

"ரெண்டு பேரும் கவனமாக் கேளுங்க. இந்தியாவுல பிறக்கிற குழந்தைக்கு அப்பா இந்தியர்னா மட்டும் போதாது. பிறக்கிற அன்னைக்கு அம்மா அனுமதியோட தங்கியிருக்கணும். இல்லைன்னா குழந்தை இந்தியரா இல்லையான்னே கேள்வி வந்துடும். அந்தக் கேள்வி பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், கல்யாணம்னு கூடவே வரும். புரியுதா? நமக்கு ரெண்டு மாசம்கூட இல்லை. குழந்தை பிறக்கிறதுக்கு முன்னாடி அனுமதி கையில இருக்கணும்."

"நாங்களே போய்ச் சொன்னா இவளைத் திருப்பி அனுப்பிடுவாங்களே மேடம்" என்றேன்.

"அனுப்பலாம். அந்த அதிகாரம் அவங்களுக்கு இருக்கு. அனுப்ப மாட்டாங்கன்னு நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா புருஷன் இந்தியர், கல்யாணம் பதிவானது, விசா இருக்கும்போதே விண்ணப்பம் போட்டிருக்கீங்க. தப்பு நடந்தது ஏன்னு காரணம் இருக்கு. அதை முறைப்படுத்தவும் சட்டத்துல வழி இருக்கு. மறைச்சு மாட்டினா அந்த வழியும் போச்சு."

பிறகு தர்ஷினியிடம் சொன்னார். "நீங்கதான்மா முடிவு பண்ணணும். திருப்பி அனுப்பினா போகப்போறது நீங்க, இவரில்லை."

தர்ஷினி தண்ணீரைக் குடித்து முடித்தாள். "எழுதுங்கோ மேடம்" என்றாள்.

மேடம் எழுதவில்லை. வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். என் கையாலேயே எழுத வேண்டும் என்றார். நான் 'சில தவிர்க்க முடியாத சூழ்நிலைகள் காரணமாக' என்று தொடங்கினேன். தாளை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று கொடுத்தார். நான்காவது தாளில்தான் சரியாக வந்தது. அதன் முதல் வரி இப்படி இருந்தது: 'என் மனைவியின் விசா முடிந்ததற்கு நானே காரணம். அது அவருக்குத் தெரியாது.'

அதைவிடக் கஷ்டமான வேலை வீட்டில் இருந்தது. வீட்டுக்காரரிடம் யார் பேசுவது என்று கேட்டேன். "பொய் சொன்னது யாரு?" என்றார் மேடம்.

அன்று சாயங்காலமே, கையெழுத்து வாங்க வேண்டிய கடிதத்தோடு கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். வீட்டுக்காரர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் ஏரிக்கரையில் நடை, மாலையில் செடிக்குத் தண்ணீர், எல்லாம் நேரப்படி செய்கிறவர். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு முகம் சிவந்துவிட்டது.

"ஒன்றரை வருஷமா என் வீட்ல உட்கார்ந்துக்கிட்டு என்னையே ஏமாத்தியிருக்கீங்க. நாளைக்கு போலீஸ் வந்து என்னைக் கேட்டா நான் என்ன பதில் சொல்றது? கையெழுத்தும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மாசக் கடைசியில காலி பண்ணிடுங்க."

"சார், தப்புதான். ஆனா இந்தக் கடிதம் இல்லைன்னா—"

"இல்லைன்னா இல்லை."

சமையலறை வாசலில் ஆன்ட்டி நின்றிருந்தார். கையில் கரண்டி. கரண்டியை உள்ளே வைத்துவிட்டு வந்து, என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"வீட்டு உரிமையாளர் கையெழுத்துன்னுதானே போட்டிருக்கு?"

"ஆமாம் ஆன்ட்டி."

"வீடு என் பேர்லதான் இருக்கு" என்றார். சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். சார் ஏதோ சொல்ல வந்தார். "நிறைமாசக்காரியை எங்க அனுப்பறது? வெளிநாட்டுக்காரங்க குடியிருந்தா போலீசுக்குப் பண்ற அந்த ஆன்லைன் பதிவையும் நாளைக்கே பண்ணிடுங்க. எப்பவோ பண்ணியிருக்கணும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "உம்மேல எனக்கும் கோபம்தான்ப்பா. அந்தப் பொண்ணு ஒன்றரை வருஷம் எங்கிட்ட வாயைத் திறந்து பேசலை. ஊமையாட்டம் இருந்துச்சு. நீதான் பண்ணி வெச்சிருக்கே."

மறுநாள் நான் வேலை முடிந்து வரும்போது மாடிப்படியில் ஆன்ட்டியும் தர்ஷினியும் உட்கார்ந்திருந்தார்கள். தர்ஷினி தன் இயல்பான பேச்சில் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. என்னோடு அவள் இன்னும் சரியாகப் பேசத் தொடங்கியிருக்கவில்லை.

விண்ணப்பம் புதிதாக ஏறியது. எல்லாக் காகிதங்களுக்கும் மேலே என் கடிதம். நல்ல காகிதங்களை மேலே வைக்கலாமே என்று கேட்டேன். "அதிகாரி எப்படியும் தேடப்போறது இதைத்தான். அவரைத் தேட விடாதீங்க" என்றார் மேடம்.

நேரில் வரச்சொல்லி அழைப்பு வந்தது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் மூன்று பேரும் போனோம். வழியெல்லாம் மேடம் எங்களுக்கு எதுவும் சொல்லித் தரவில்லை. தர்ஷினிக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார், குரோம்பேட்டையில் ஏறிய வெள்ளரிப்பிஞ்சுக்காரியிடம் பேரம் பேசி மூன்று கட்டு வாங்கினார். அலுவலகத்தில் எங்களுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க பேச மாட்டீங்களா மேடம்?"

"நான் பேசினா அது வக்கீல் பேச்சாயிடும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க."

அதிகாரி என் கடிதத்தை இரண்டு முறை படித்தார். என்னிடம் தேதிகளைக் கேட்டார். நான் எதிர்பார்த்த மாதிரிக் கத்தவில்லை. அமைதியாக, ஒவ்வொன்றாகக் கேட்டார். அது இன்னும் பயமாக இருந்தது. பிறகு தர்ஷினியின் பக்கம் திரும்பினார்.

"விசா முடிஞ்சது உங்களுக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்காரே. நிஜமா?"

"ஓம் சார். பதினாறு நாளைக்கு முன்னம்தான் தெரியும்."

"உங்க கணவர் சொல்லிக்கொடுத்து இப்படிச் சொல்றீங்களா?"

"இவர் சொல்லித் தந்திருந்தா நான் ராமநாதபுரம் எண்டுதான் சொல்லியிருப்பன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பு வந்து போனதாக மேடம் பிறகு சொன்னார்.

"இவர் மேல கோபம் இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு. அது வீட்டை போய்த் தீர்க்கிற கோவம். அதுக்காக நான் நாட்டை விட்டுப் போகேலாது சார். இவரோடதான் இருப்பன்."

அதிகாரி ஏதோ எழுதினார். முடிவை மின்னஞ்சலில் சொல்வோம் என்றார். வெளியே வந்ததும் படிக்கட்டில் தர்ஷினி என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பதினாறு நாளில் அன்றுதான் என்னைத் தொட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் போலக் காத்திருந்தோம். மேடம் தினமும் காலையில் ஒரு முறை போன் செய்வார். "வந்துச்சா? இல்லையா? சரி." அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாள் மதியம் இயந்திரத்திலிருந்து இறக்கிய உருப்படியை அளந்துகொண்டிருந்தபோது என் கைபேசி துடித்தது. கையெல்லாம் எண்ணெய். துடைக்காமலே திறந்தேன். தாமதத்துக்கான அபராதத்தோடு, விசா முடிந்த தேதிக்கு மறுநாளிலிருந்தே இடைவெளி இல்லாமல், இந்தியரின் மனைவி என்ற முறையில் தங்க அனுமதி. நான் ஷெட்டை விட்டு வெளியே ஓடி வந்து தர்ஷினிக்குப் போன் செய்து சொன்னேன். அவளுக்குப் பின்னாலிருந்து ஆன்ட்டி, "என்னவாம், என்னவாம்?" என்று கேட்பது காதில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் வீட்டுக்காரர் குரல் வந்தது: "தம்பி, மாசக் கடைசின்னு நான் சொன்னேனே, அதை மனசுல வெச்சுக்காதே."

மேடத்துக்குச் சொன்னபோது, "எந்தத் தேதியிலேர்ந்துன்னு போட்டிருக்கு? வாசிங்க" என்றார். வாசித்தேன். "இன்னொரு தடவை." வாசித்தேன். "ம்" என்றார். அந்த 'ம்' கொஞ்சம் நீளமாக இருந்தது.

பதினோரு நாள் கழித்து மகள் பிறந்தாள். தாம்பரத்திலேயே.

இப்போது அந்த மாடியில் ஒரு டியூஷன் சென்டர் இருக்கிறது. மேடம் நாகர்கோவில் பக்கம் போய்விட்டார் என்கிறார்கள். அங்கே கடலோரக் கிராமங்களில் வளைகுடாவுக்குப் போனவர்களின் குடும்பங்களுக்காக வேலை பார்க்கிறார் என்று யாரோ ஒருவர் சொன்னார். எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அவரைப் பற்றித் தெரியாததைச் சேர்த்து எழுத எனக்குத் தைரியமில்லை.

தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு ஒரு வயது ஆவதற்குள் பாஸ்போர்ட் வந்தது. பருத்தித்துறையில் தர்ஷினியின் அம்மாவிடம் குழந்தையைக் காட்டுவதற்காக விண்ணப்பித்திருந்தோம். தபால்காரர் கொடுத்த உறையைப் பிரித்ததும் மூன்று பேரும் நேராக மேடத்திடம் போனோம். அறையில் அன்றைக்கும் கூட்டம். நாற்காலிகள் நிறைந்து இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

மேடம் பாஸ்போர்ட்டை வாங்கினார். வழக்கம்போல முதலில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்று நான் பார்த்தது அபூர்வம். பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பது போலச் சத்தமாக, அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். பெயர். நாடு, இந்தியா. பிறந்த இடம், தாம்பரம். பக்கத்தைத் திருப்பி அப்பா பெயர், அம்மா பெயர். தர்ஷினியின் பெயரை வாசிக்கும்போது நிறுத்தி, அதை அவளூரில் எப்படி அழுத்திச் சொல்வார்களோ அப்படிச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அதேபோல் திருப்பி வாசித்தார். முன்பின் தெரியாத அந்த ஆறேழு பேரும் கை தட்டினார்கள். ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு என்ன கேஸோ.

நாங்கள் கிளம்பினோம். மேடம் கூடவே வந்தார். குழந்தையைத் தர்ஷினியிடமிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் குறுகிய படிக்கட்டில் எங்களுக்கு முன்னால் இறங்கினார். மேலே அத்தனை பேர் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை. தெருவில் இறங்கிச் சலவைக் கடையைத் தாண்டி, பழவண்டியைத் தாண்டி நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். மூலையில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா மேடம், யாரு வூட்டுப் பாப்பா இது?"

மேடம் குழந்தையின் முகம் அவருக்குத் தெரிகிற மாதிரித் திருப்பிப் பிடித்தார்.

"நம்ம ஊர்ப் பொண்ணு" என்றார். "கவர்மெண்டே எழுதிக் கொடுத்திருக்கு."